லாட்டரி கெஸ்ஸிங் சேனல் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நேற்று மூன்று மணிக்குக் கேரளக் குலுக்கல் முடிந்த கையோடு வீடியோ போட்டீர்கள். முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் இதுதான் என்று காலையில் நீங்கள் கணித்துச் சொன்னது 472, விழுந்தது 482. "ஏ போர்டு, சி போர்டு ரெண்டும் பாஸ்!" என்றீர்கள்; அதாவது முதல் இலக்கமும் மூன்றாம் இலக்கமும் பொருந்திவிட்டனவாம். அந்த 472-இல்தான் என் தம்பி வாரக் கூலியைக் கட்டியிருந்தான்.

விசைத்தறி ஓட்டுகிறவன். மகளின் கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து உங்கள் சார்ட்டை, அதாவது பழைய முடிவுகளின் அட்டவணையை, எழுதி வைத்திருக்கிறான். ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பணம் வந்த நாள்களில் "கணக்கு சரி", அவ்வளவுதான். பணம் போன நாள்களில்தான் எழுத்து நீள்கிறது: வரிசை மாறிடுச்சு, ஒரு நம்பர் தள்ளிப் போச்சு, பெண்டிங் நம்பரை (ரொம்ப நாளாக விழாத எண்ணை) விட்டுட்டேன், மனசு சொன்னதைக் கேட்கலை. கணக்கே தப்பாக இருக்குமோ என்று ஒரு பக்கத்திலும் இல்லை. பந்தயம் கட்டுவோர் ஜெயித்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, தோற்றதற்கு மட்டும் காரணம் தேடிக்கொண்டே இருப்பதை உளவியலாளர் தாமஸ் கிலோவிச் 1983-லேயே எழுதிவிட்டார். என் தம்பிக்குக் காரணம் தேடும் சிரமம்கூட இல்லை. தினமும் நீங்களே தருகிறீர்கள்.

மூன்று இலக்கமும் பொருந்த ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஏதாவது ஓர் இலக்கமாவது அதன் இடத்தில் பொருந்த, ஆயிரத்துக்கு 271. கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைச் சொன்னாலும் நாலு நாளைக்கு ஒருமுறை "கிட்ட வந்துட்டோம்" எனலாம். நேற்று விழுந்த எண்ணுக்கும் இன்றைய குலுக்கலுக்கும் சம்பந்தம் இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். சொன்ன எண்கள் அத்தனையையும், தவறியவை உட்பட, அழிக்காமல் வையுங்கள்.

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்தது. 2019-இல் விழுப்புரத்தில் மூன்று நம்பர் லாட்டரிக் கடனில் ஒரு குடும்பமே மாண்டது. டீக்கடை ஓரம் துண்டுச் சீட்டு எழுதுகிறவரைப் பிடித்துப் போகிறார்கள். அந்தச் சீட்டில் எழுதவேண்டிய எண்ணைக் காலையிலேயே போனில் சொல்லும் உங்களை யார் கேட்கிறார்கள்? நோட்டின் முன்பக்கத்தில் வகுத்தல் கணக்குப் போடும் பிள்ளைக்கு இந்த மாத வேன் கட்டணம் இன்னும் கட்டவில்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கெஸ்ஸிங்கை நிறுத்தினால் கையெடுத்துக் கும்பிடுவேன். நிறுத்த மனமில்லை என்றால், தவறிய எண்களையாவது ஒன்றுவிடாமல் பட்டியலாகப் போடுங்கள். "கிட்ட வந்துட்டோம்" என்று மட்டும் இனி சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறித் தொழிலாளியின் அக்கா