ரூஃப் போடும் முன் பாப்பாவுக்கு

காவேரிப்பட்டணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். வருகிற வெள்ளிக்கிழமை மாடிக்கு ரூஃப் போடுகிறோம். சென்ட்ரிங் அடித்தாயிற்று, கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீ கேட்ட புகை அலாரத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பைப்பும் பாக்ஸும் உட்கார்ந்தாக வேண்டும். காங்கிரீட் விழுந்த பிறகு தளத்தைக் கொத்த நான் விடமாட்டேன். அதனால்தான் போனில் பேசியது போதாதென்று விவரமாக எழுதுகிறேன்.

கிளாஸ்கோவில் உங்கள் வீட்டில் ஹால் அலாரம் கத்தினால் படுக்கையறைப் பக்கம் இருப்பதும் சேர்ந்து கத்தும் என்றாய். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீட்டுக்கும் அது சட்டம். இங்கே தனி வீட்டில் இதை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. "நம்ம ஊருக்கு எதுக்குங்க?" என்று மேஸ்திரியும் கேட்டார். எனக்கு இது வேண்டும் என்றே படுகிறது, பாப்பா. தம்பி ராத்திரியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியில்தான் சார்ஜ் போடுகிறான். பக்கத்து ஸ்டோர் ரூமில் புளி மூட்டையும் பழைய சாக்கும் கிடக்கின்றன. அங்கே ஏதாவது பற்றினால் மாடிப்படி புகைபோக்கி மாதிரி வேலை செய்து, புகை நேரே மேலே ஏறும். தூங்குகிறவர்களுக்கு மூக்கு வேலை செய்யாது, காதுதான் எழுப்ப வேண்டும். மேலே கதவைச் சாத்தி ஏசி போட்டுப் படுத்திருந்தால் கீழே கத்தும் ஒற்றை அலாரம் காதில் விழாது. ஆயாவுக்கோ பக்கத்தில் பேசினாலே பாதிதான் கேட்கிறது. தீ எங்கே பிடித்தாலும் படுத்திருக்கும் இடத்தில் மணி அடிக்க வேண்டும், அதற்குத்தான் இணைப்பு. ஸ்கூட்டர் பிளக்கை முதல் வேலையாக வெளியே போர்ட்டிகோவுக்கு மாற்றிவிட்டேன்.

இனி வயரிங். ஒவ்வொரு அலாரத்துக்கும் பேஸ், நியூட்ரல், அதோடு மூன்றாவதாக ஒரு இணைப்பு வயர் போக வேண்டும். ஒன்று புகையை உணர்ந்ததும் அந்த மூன்றாவது வயரில் சின்ன டிசி வோல்டேஜை அனுப்பும். மற்றவை அதைப் பார்த்துக் கத்தும். அந்த வோல்டேஜுக்கு நியூட்ரல்தான் திரும்பும் வழி. ஆகவே எல்லா அலாரமும் ஒரே எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாக விழும் மெயின் போர்டு சுவிட்ச்), ஒரே நியூட்ரலில் இருந்தாக வேண்டும். இங்கேதான் வேலைக்கு வரும் பையன்கள் குறுக்குவழி தேடுவார்கள். கீழே இருப்பதற்குக் கீழ் லைட் பாயின்டிலும் மேலே இருப்பதற்கு மேல் லைட் பாயின்டிலும் லைன் எடுத்துவிட்டு, இணைப்பு வயரை மட்டும் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். நம் வீடு த்ரீ பேஸ். கீழே சிவப்பு பேஸ், மாடிக்கு மஞ்சள் பேஸ். அப்படி இணைத்தால் அலாரம் ஒழுங்காக வேலை செய்யாது, அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் எரியலாம். ஒரு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு நம்பிக் கை வைப்பவன் இன்னொரு பேஸில் அடிவாங்கவும் கூடும். பேஸும் நியூட்ரலும் ஒரே ஓர் இடத்தில் மாறிப்போனாலும் ஆபத்துதான், இணைத்திருக்கும் அத்தனையும் கெட்டுவிடலாம்.

அதனால் மாடிப்படி லைட்டின் எம்.சி.பி.யிலிருந்தே எல்லாவற்றுக்கும் லைன் எடுக்கிறேன். தனி எம்.சி.பி. போட்டால் அது டிரிப் ஆகிக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. படி லைட் எரியவில்லையென்றால் அன்றைக்கே சத்தம் போடுவீர்கள். லைனை சுவிட்சுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். சுவிட்சைத் தாண்டி எடுத்தால் லைட்டை அணைக்கும்போதெல்லாம் அலாரம் பேட்டரிக்குப் போய்விடும். இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாமே என்றான் தம்பி. தேவையில்லை. கரன்ட் போனால் தாங்க அலாரத்துக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. இரண்டு நியூட்ரலைக் கலந்து வைத்துக்கொண்டு பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

இணைப்புக்கு போன் வயர், ஸ்பீக்கர் வயர் எதுவும் கூடாது. அதையும் கரன்ட் ஓடும் வயராகவே நினைக்க வேண்டும். மூன்றும் 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர், பேஸ் மஞ்சள், நியூட்ரல் கறுப்பு, இணைப்புக்கு வெள்ளை. பிளாஸ்டிக் அலாரத்துக்கு எர்த் தேவைப்படாது, ஆனாலும் பச்சை வயரை இழுத்து பாக்ஸில் முடித்து வைக்கிறேன். மேலே ரூஃபுக்குள் பைப் போகிறது. கீழே பழைய தளம் என்பதால் பீம் ஓரமாகக் கேசிங் பட்டி அடிக்கிறேன், அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வயர் இல்லாமல் ரேடியோவில் பேசிக்கொள்ளும் அலாரம் வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னதும் நல்ல யோசனைதான், கட்டி முடித்த வீட்டுக்கு. தளம் திறந்திருக்கும்போது வயர் போடுவதே எனக்குத் திருப்தி.

இடத்தைச் சொல்கிறேன், பிளானோடு வைத்துப் பார். கீழ் ஹாலில் ஒன்று, படி ஏறி முடியும் இடத்தில் ஒன்று, மேலே இரண்டு படுக்கையறையிலும் ஒவ்வொன்று, ஆயா அறையில் ஒன்று. சுவரிலிருந்தும் லைட்டிலிருந்தும் ஒரு அடி தள்ளி, ஃபேன் இறக்கை நுனியிலிருந்து 3 அடி தள்ளி வைக்க வேண்டும். ஃபேன் காற்று புகையை அலாரத்துக்குப் போகவிடாது. உங்கள் ஊர் வீடுகளில் சீலிங் ஃபேன் இல்லாததால் இது உனக்குத் தோன்றியிருக்காது. பாத்ரூம் கதவுக்கு நேராகவும் வேண்டாம், ஆவிக்கே கத்தும். அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதால் பூஜை அறைப் பக்கமும் வைக்கவில்லை. வாரம் ஒருமுறை சும்மா கத்தும் அலாரத்தை யாராவது கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

சமையலறைக்கு அதே கம்பெனியின் வெப்ப அலாரம் வாங்கு. அது புகையைப் பார்க்காது, சூடு 58 டிகிரியைத் தொட்டால்தான் கத்தும், தாளிக்கிற புகைக்குப் பயமில்லை. ஆனால் கேஸ் கசிந்தால் இந்த இரண்டு வகையுமே கண்டுபிடிக்காது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதற்குத் தனிக் கருவியைக் கீழே, தரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதை இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

அலாரத்தை நீ வரும்போது கொண்டுவரலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். வெளிச்சத்தை வைத்துப் புகையை உணரும் ஆப்டிகல் வகையாகப் பார். அயனி வகை வேண்டாம், அதில் துளி கதிரியக்கப் பொருள் இருக்கும். எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், கம்பெனி மாறினால் ஒன்றோடொன்று பேசாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் எந்தப் பையில் வைப்பது என்று ஏர்லைன்ஸில் கேட்டுக்கொள். இங்கே மண்டபத்திலும் பேங்கிலும் சீலிங்கில் இருப்பது 24 வோல்ட் வகை. தனி பேனல் வைத்து ஓட்டுவது, நம் வீட்டு 230 வோல்ட்டில் கொடுத்தால் எரிந்துவிடும். கடைக்காரர் விலை குறைவென்று காட்டினாலும் வாங்கமாட்டேன்.

வயர் இழுத்ததும், அலாரம் மாட்டுவதற்கு முன்பே மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து டெஸ்ட் செய்துவிடுவேன். அதன் 500 வோல்ட்டை அலாரத்தின் சர்க்யூட் தாங்காது. பெயின்ட் வேலை முடிகிறவரை மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றக் கூடாது, சுண்ணாம்புத் தூசி உள்ளே போனால் பிறகு தொட்டதற்கெல்லாம் கத்தும். அப்புறம் மாதம் ஒருமுறை ஏதாவது ஒன்றின் பட்டனை அழுத்தி, மற்ற எல்லாம் கத்துகிறதா என்று தம்பி அறை அறையாகப் போய்க் கேட்க வேண்டும். ஓரத்தில் மாற்ற வேண்டிய வருடம் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 10 வருடம்.

எந்த மாடல் என்று முடிவு செய்ததும் அதன் அடித்தட்டை ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வியாழக்கிழமைக்குள் அனுப்பு. ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி தெரிந்தால்தான் எந்த அளவு பாக்ஸைக் கம்பியில் கட்டுவது என்று சொல்ல முடியும்.

அன்புடன்
அப்பா