காலரா நச்சு குடலை அரிப்பதில்லை

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வயிற்றுப்போக்குக் கட்டுரையில், ‘காலரா கிருமியின் நச்சு குடலின் உட்சுவரை அரித்துவிடுவதால் நீர் கசிகிறது’ என்றொரு வரி இருந்தது. பழைய தவறுதான். 19ஆம் நூற்றாண்டில் பிணப் பரிசோதனை செய்தவர்கள், சளிச்சவ்வின் செல்கள் உரிந்து கிடப்பதைக் கண்டு அப்படித்தான் நினைத்தார்கள். அவை இறந்தபின் உரிந்தவை. உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த கங்கரோசா என்ற ஆய்வாளரின் குழுவினர், செல் வரிசை குலையாமல் இருப்பதை 1960இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற ஆய்வாளர், கிருமியை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை முயலின் குடலில் கட்டிப்போட்ட ஒரு துண்டுக்குள் செலுத்தி, அந்தத் துண்டு நீரால் உப்புவதைக் காட்டியிருந்தார். கிருமியே தேவையில்லை, அது சுரக்கும் நச்சு போதும்.

அந்த நச்சு செல்லைக் கொல்வதில்லை, வேலை வாங்குகிறது. அதன் ஐந்து பி-துண்டுகள் செல்லின் வெளிப்பரப்பிலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பில் ஒட்டிக்கொள்கின்றன. செல் தானே அதை உள்ளே இழுத்து, புரதம் தயாராகும் வழியில் பின்னோக்கிக் கொண்டுபோகிறது. சரியாக மடியாத புரதங்களை வெளியே தள்ள அங்கே ஒரு வாசல் உண்டு. நச்சின் இன்னொரு துண்டான ஏ1 தன்னையும் கழிவுபோலக் காட்டிக்கொண்டு அந்த வாசல் வழியே தப்பிவிடுகிறது. பிறகு, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஜி-புரதம் ஒன்றின் ஸ்விட்சை ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறின் அளவு ஏறுகிறது, சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாய்க்கால் திறந்தபடியே நிற்கிறது. குளோரைடின் பின்னால் சோடியமும் நீரும் குடலுக்குள் போகின்றன. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பு உண்டு. ஆனாலும் மலத்தில் ரத்தம் இராது. அரிசி கழுவிய நீர்போல, சளித் துணுக்குகள் மிதக்கும். சுவர் முழுதாக இருக்கிறது என்பதற்குக் கண்முன் தெரியும் சாட்சி அது. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், நோய்க்காலத்தையும் குறைக்கும். ஆனால் ஏற்கெனவே பூட்டப்பட்ட ஸ்விட்சை அதனால் திறக்க முடியாது.

உண்மையிலேயே சுவரைக் குலைக்கும் நச்சுகளும் உண்டு. க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமியின் ஏ, பி நச்சுகள், செல்லின் சட்டகத்தைக் கட்டுப்படுத்தும் ரோ வகைப் புரதங்களில் ஒரு குளுக்கோஸை ஒட்டி அவற்றை முடக்குகின்றன. செல்லைத் தாங்கும் ஆக்டின் சட்டகம் சரிகிறது. செல் உருண்டையாகச் சுருங்க, அண்டைச் செல்லோடு இருந்த இறுக்கமான இணைப்பு பிரிகிறது. செல்கள் விடுக்கும் அபாய அறிவிப்பைக் கேட்டு வெள்ளணுக்கள் குவிகின்றன; நோய் முற்றினால் பெருங்குடலில் இறந்த செல்களும் வெள்ளணுக்களும் சேர்ந்த பொய்ச்சவ்வு படர்கிறது. ரத்தபேதி உண்டாக்கும் சில கிருமிகளின் ஷிகா நச்சுக்கு வேலை வேறு: செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் ஆர்என்ஏவிலிருந்து அடினின் என்ற ஒரே ஒரு எழுத்தைக் கத்தரித்துவிடும், புரத உற்பத்தி நின்றுபோகும். இத்தனையையும் ‘அரிப்பு’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் சிகிச்சை புரியாது.

ஏனென்றால் காலராவில் சிஎஃப்டிஆர் திறந்து கிடக்கும்போதும், அதே உட்சுவரில் எஸ்ஜிஎல்டி1 என்ற கதவு பழுதில்லாமல் வேலை செய்கிறது. ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தை அது குடலிலிருந்து செல்லுக்குள் எடுக்கும். நீர் கூடவே போகும். உப்பு மட்டும் போட்ட நீர் பலிக்காததும், சர்க்கரை சேர்ந்ததும் பலிப்பதும் இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) அளவு, லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சோடியமும் குளுக்கோஸும் 75 மில்லிமோல் வீதம் சமமாக வரும். மொத்த ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைந்த துகள்களின் செறிவு, லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல், ரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு.

ஓஆர்எஸ் பற்றிய கட்டுரையின் பெட்டிச்செய்தி என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைத்தது. ‘ஒரு டம்ளர் நீரில் ஒரு பாக்கெட்’ என்கிறது அது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை 200 மில்லியில் கரைத்தால் 245 என்பது 1,225 ஆகிவிடும். அது உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுக்கும், குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். 200 மில்லிக்கென்றே தயாரான சிறிய பாக்கெட்டுகளும் விற்கின்றன என்பதால் குழப்பம் எளிதில் வரும். பாக்கெட்டில் அச்சிட்ட அளவுதான் கணக்கு. பாதிப் பொடியைப் பாதி நீரில் போடவும் வேண்டாம், பொடி சீராகக் கலந்திருக்காது. ருசிக்காகச் சர்க்கரை கூட்டினாலும் அதே ஆபத்துதான். கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகத் தொடரலாம்.

அரிப்பு பற்றிய வரியை அடுத்த இதழில் திருத்தினால் போதும். பெட்டிச்செய்தியை அதுவரை விட்டுவைக்காமல், இணையப் பதிப்பில் இன்றே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் பயிற்றுவிக்கும் வாசகர்