1963 ஒப்பந்தமும் விடுபட்ட நிலத்தடியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1963 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட உடன்பாடு அணுகுண்டுச் சோதனைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி ஆகியவற்றில்தான் தடை. நிலத்தடியைத் தொடவில்லை.

காரணம், சரிபார்ப்பதில் இருந்த சிக்கல். வானில் வெடித்தால் மறைக்க முடியாது. விமானத்தில் வடிகட்டித் தாளைப் பொருத்திப் பறந்தாலே கதிரியக்கத் துகள்கள் சிக்கிவிடும். நிலத்தடி வெடிப்போ நில அதிர்வுமானியில் பூகம்பம் போலப் பதியும். வெடிப்பு பாறையை எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும். பூகம்பத்தில் சில திசைகளில் தள்ளலும் சில திசைகளில் இழுப்பும் இருக்கும். அதிர்வு பெரிதென்றால் முதல் அசைவை வைத்தே பிரித்தறியலாம். சிறிதென்றால், தொலைவிலுள்ள கருவியில் அந்த அசைவே தெரியாது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அப்படி ஆண்டுக்கு எத்தனை முறை போய்ப் பார்ப்பது என்பதில்தான் பேச்சு சிக்கியது. அமெரிக்கா ஏழு கேட்டது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் மூன்றைத் தாண்டவில்லை. ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதி ஹாரிமன் மாஸ்கோ போனபோது நிலத்தடியை ஒதுக்கிவைத்தார்கள்; பத்தே நாளில் வாசகம் தயாரானது.

அணுவெடிப்புத் தூசியிலுள்ள ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் குழந்தைகள் குடிக்கும் பாலில் கலந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தூசி குறைந்ததே பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் சோதனைகள் பூமிக்குள் தொடர்ந்தன. 1970 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் சுமார் 270 மீட்டர் ஆழத்தில் நடந்த 'பேன்பெரி' சோதனையில், அங்கிருந்த களிமண்ணில் எதிர்பாராத அளவு நீர் இருந்ததால் நிலம் பிளந்து கதிரியக்கத் தூசி மேலே பீறிட்டது. 1974-இல் இந்தியா பொக்ரானில் வெடித்ததும் நிலத்தடியில்தான். 1963 உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தும் அது மீறலாகவில்லை.

அதே 1974-இல் நிலத்தடிச் சோதனையின் வலுவுக்கு 150 கிலோடன் (1,50,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்) உச்சவரம்பு வைக்க அமெரிக்காவும் சோவியத்தும் ஒப்புக்கொண்டன. வெடிப்பின் வலுவை எப்படி அளப்பது என்ற தகராறில் அது நடைமுறைக்கு வர 1990 ஆனது. தகராறு தளர்ந்தது 1988-இல். ஆகஸ்டில் சோவியத் விஞ்ஞானிகள் நெவாடாவிலும், செப்டம்பரில் அமெரிக்கர்கள் சோவியத்தின் சோதனைக் களமான செமிபலாத்தின்ஸ்கிலும் நேரில் நின்று அளந்தார்கள். வெடிகுழிக்குப் பக்கத்தில் இன்னொரு துளையிட்டு அதில் கேபிளை இறக்குவார்கள். அதிர்ச்சி அலை அதை நசுக்கிக்கொண்டு வரும் வேகத்தை வைத்து வெடிப்பின் வலுவைக் கணக்கிடுவார்கள்.

ஆகவே ஆயுதக் குறைப்புச் செய்தி வரும்போது, தலைவர்கள் கைகுலுக்கும் படத்தோடு, யார், எங்கே, எந்தக் கருவியோடு, ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் சரிபார்ப்பார்கள் என்பதையும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி