சாப்பாட்டு நெல்லைக் கொடுத்தவர்களுக்கு

திருவாடானைப் பக்கத்துச் சொந்தங்களுக்கும், எங்கள் ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே கை கொடுத்த எல்லோருக்கும்,

தங்கச்சிமடத்திலிருந்து எங்கள் மகளிர் குழு சார்பாக எழுதுகிறேன். ஏழு மாதம் கழித்து நன்றி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு சொல்ல மனம் வரவில்லை. இன்று காலை நாலு சாக்குக் கருவாடு உங்கள் ஊருக்கு வேன் ஏறியது. வண்டி கிளம்பியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2024 நவம்பர் 20, புதன்கிழமை. ராமேஸ்வரத்தில் அன்று 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மல்லிகைப் பதியன் போட்டிருந்த கொல்லைகள் குளமாகிவிட்டன. வல்லங்களைக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தோம், கடலுக்குப் போக வழியில்லை. அடுக்களைக்குள் தண்ணீர் புகுந்த வீடுகளில் அரிசி இருந்தும் உலை வைக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மீனைத் தவிர நாங்கள் சாப்பிடுவதில் பெரும்பங்கு பாம்பன் பாலம் தாண்டித்தான் வருகிறது. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுபோனது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நடுவில் அரிசி, காய்கறி, பால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சாலைப் பாலம்தான். என் பாட்டி இருந்தவரை ஐப்பசி பிறக்குமுன் கருவாடும் கருப்பட்டியும் புளியும் பானைக்குள் போய்விடும். நாங்களோ அன்றாடம் கடைக்குப் போய் வாங்கிப் பழகிவிட்டோம்.

நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்களைத் தண்ணீருக்குள் சுமந்து வந்த பள்ளிவாசல் பாய்மாருக்கு நன்றி. மாதா கோயில் கூடத்தைத் திறந்துவிட்டவர்களுக்கு நன்றி. மழை வலுத்ததுமே மூட்டைகளை மேசை மேல் ஏற்றி, ஒரு குத்து அரிசியும் நனையாமல் காத்த ரேஷன் கடை அண்ணனுக்கு நன்றி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அக்காமார் இல்லையென்றால் என்ன செய்திருப்போமோ. இருநூறு பேருக்கு எத்தனை படி போட வேண்டும், எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைக்கணக்கு. ஒரு கரண்டிகூட வீணாகவில்லை.

மூன்றாம் நாள் அரிசி தட்டுப்பாடாகிவிட்டது. எங்கள் குழுவில் ஒருத்தியின் தங்கையை உங்கள் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு ஒரு போன் போட்டோம், அவ்வளவுதான். மறுநாள் பொழுது சாயும்போது பதினோரு மூட்டை வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் ஒரே மூட்டைக்குள் சித்திரைக்கார் சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் கலந்து கிடக்கிறது. வீட்டுக்கு ஒரு மரக்கால் என்று வாசல் வாசலாக வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். சோறாக வடித்தால் ஒன்று குழையும், இன்னொன்று நறுக்கென்று நிற்கும். அதனால் கஞ்சியாகவே காய்ச்சினோம். அந்தக் கஞ்சியின் ருசியை என் மகள் இன்னும் சொல்கிறாள்.

அப்புறம்தான் யோசித்தேன். உங்களுடையது மானாவாரிச் சீமை. கார்த்திகையில் பயிர் வயலில் நிற்கிறது, அறுப்புக்குத் தை பிறக்க வேண்டும். அப்படியென்றால் நீங்கள் அரைத்துக் கொடுத்தது விற்க வைத்த நெல் இல்லை. அறுப்பு வரைக்கும் உங்கள் பிள்ளைகள் சாப்பிட வைத்திருந்த நெல். பதறிப்போய்க் கேட்டேன். "கண்மாய் நெறஞ்சிருச்சு தாயி, இந்த வருஷம் வெளஞ்சிரும். நீங்க சாப்பிடுங்க" என்றார் உங்கள் ஊர் அத்தை ஒருவர். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மாசியில் உங்கள் களத்துக்கே வந்து நெல் வாங்கினோமே, அது வீணாகவில்லை. அரிசியாக வைத்தால் வண்டு விழும், நெல்லாக வையுங்கள் என்று நீங்கள் சொன்னபடி, மேடான ஓர் அறையில் பலகை அடித்து, நொச்சியும் வேப்பிலையும் போட்டு வைத்திருக்கிறோம். அரைப்பதற்கும் பாலம் தாண்ட வேண்டாம் என்று ஓர் அண்ணன் தன் கடைக்குப் பின்னால் சின்ன அரவை மெஷின் போட்டுத் தந்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் கூலி இல்லாத வீடுகள் அதிலிருந்துதான் எடுத்துச் சாப்பிட்டன. படகு போகத் தொடங்கியதும் எடுத்ததைத் திருப்பி வைக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன் அறை மறுபடி நிறைந்துவிடும்.

சரி, கருவாட்டு விஷயம். சூடை, நெத்திலி, காரல் மூன்றும் உண்டு. மணலில் போடாமல் பரண் கட்டி, வலை விரித்துச் சித்திரை, வைகாசி வெயிலில் காயவைத்தது. ஆவணியில் ஒருமுறை வெயில் காட்டிவிட்டால் அடைமழைக்கும் தாங்கும். கூடவே ஒரு கேன் மீன் அமிலம் இருக்கிறது, மீன் கழிவையும் வெல்லத்தையும் சரி எடைக்குப் போட்டு ஊறவைத்தது. நிறையத் தண்ணீர் கலந்து பயிருக்குத் தெளியுங்கள்.

உங்கள் சாக்குகளையும் துவைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்களில் கூடத்தில் பிள்ளைகள் படுக்க விரித்ததில் ஒன்று கிழிந்துபோனது. அதற்குப் பதில் புதுச் சாக்கு வைத்திருக்கிறேன்.

தங்கச்சிமடம்,
ஜூன் 2025