ஆலோசகரை டயாலிசிஸ் கட்டிலுக்கு அனுப்புங்கள்

பெறுநர்: தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் டயாலிசிஸ் பிரிவுப் பொறுப்பு மருத்துவர்கள், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்கள்

வணக்கம்.

டயாலிசிஸில் இருக்கும் ஒருவர் "மனசே சரியில்ல டாக்டர், எதுலயும் பிடிப்பு இல்ல" என்று வாய்விட்டுச் சொல்வதே அபூர்வம். சொன்னாலும் சீட்டில் "மனநலப் பிரிவுக்கு" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் என்றைக்குப் போவார் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. வாரத்துக்கு மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் மெஷின். ஊசி குத்துவது, கழற்றியபின் ரத்தம் நிற்கக் காத்திருப்பது, பஸ் எல்லாம் சேர்ந்தால் அந்த நாள் தீர்ந்தது. இறங்கியதும் நடக்கவே தெம்பு இருக்காது, காலை ஓ.பி.யும் முடிந்திருக்கும். மற்ற நாட்களில் போனால் அன்றைய கூலி போச்சு. சீட்டு பையிலேயே கிடக்கும். கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவாகும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. நோயாளியை ஆலோசகரிடம் அனுப்புவதை விடுத்து, ஆலோசகரைக் கட்டிலுக்கு வரவையுங்கள். இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான அசென்ட் ஆய்வில், சி.பி.டி. என்னும் பேச்சுச் சிகிச்சையை நோயாளி மெஷினில் இருக்கும்போதே 12 வாரங்களில் 10 அமர்வுகளாகக் கொடுத்தார்கள். அதோடு ஒப்பிட்ட செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மாத்திரை 12ஆவது வார முடிவில் கொஞ்சம் கூடுதல் பலன் தந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கவிளைவுகளும் மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் அதிகம். ஏற்கெனவே கை நிறைய மாத்திரை விழுங்குகிறவருக்கு இன்னொன்று வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாவது இருக்க வேண்டும்.

இனி நடைமுறை. முதல் முக்கால் மணி நேரம் பேச வேண்டாம். ஊசி, பி.பி., மெஷின் செட்டிங் என்று டெக்னீஷியன் அங்கேதான் நிற்பார். கடைசி ஒரு மணி நேரமும் வேண்டாம். நீர் அதிகம் இறக்கியிருந்தால் பி.பி. சரிவதும் கால் பிடித்து இழுப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்கு 30 முதல் 40 நிமிடம் தாராளம். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக்குழாய் இணைப்பு, இருக்கும் கையை அசைக்கக் கூடாது என்பதால் மறுபக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். ஃபிஸ்டுலா இல்லாத அந்த மறு கையில்தான் பி.பி. பட்டை. அது இறுகும்போது பேச்சை நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை. பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கொட்டாவி விடுகிறார், வியர்க்கிறது, பதில் குழறுகிறது என்றால் அதை "உணர்ச்சிவசப்பட்டார்" என்று குறிப்பெழுதிக்கொண்டிருக்கக் கூடாது. பி.பி. இறங்குகிறது. உடனே டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். பணியில் சேரும் ஆலோசகருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

பெரிய சிக்கல் அந்தரங்கம். பக்கத்துக் கட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்கும். திரைச்சீலை முகத்தை மறைக்கும், குரலை மறைக்காது. வார்டின் ஓரக் கட்டில் ஒன்றை ஆலோசனை நாளில் பேச இருப்பவருக்கென்று மாற்றிக் கொடுக்கலாம். அதுவும் முடியாத இடத்தில், கணவன் மனைவி உறவு, பணம், சாக வேண்டும் என்ற எண்ணம் போன்றவற்றை வாய்விட்டுக் கேட்காமல், அட்டையில் அச்சடித்த கேள்வியைக் காட்டி விரலால் பதில் வாங்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. வார்டு நெருக்கடி அதற்கு விலக்கு ஆகாது. ஹெபடைட்டிஸ் பி இருப்பதால் தனி அறையில் தனி மெஷினில் இருப்பவர்களை ஆலோசகர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். உட்கார்ந்து பேசுவதால் அந்தத் தொற்று வராது.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்விப் படிவத்தை அப்படியே பயன்படுத்தினால் ஒரு பொறி இருக்கிறது. ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். அதில் தூக்கம், அசதி, பசி, கவனம், உடல் மந்தம் அல்லது பரபரப்பு ஆகிய ஐந்தும் சிறுநீரக நோயாலேயே வரக்கூடியவை. அவை மட்டுமே 15 மதிப்பெண். டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் மனச்சோர்வு இருக்கலாம் என்று காட்டும் 10 என்ற வெட்டுப்புள்ளி பொருந்துகிறது என்றாலும், 10ஐத் தாண்டியவுடன் மாத்திரை எழுதுவது அவசரம். முதல் இரண்டு கேள்விகளை, அதாவது ஈடுபாடு போனதையும் மனம் சோர்ந்ததையும், தனியாகப் பாருங்கள். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்பதைக் காட்டும் கே.டி./வி. வாரம் மூன்று முறை செய்பவருக்கு அது 1.2க்குக் கீழே இருந்தால், சோர்வுக்குக் காரணம் மெஷினிலேயே இருக்கலாம். இரவில் கால் குடைச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். அரிப்புக்கும் குடைச்சலுக்கும் கொடுக்கும் காபாபென்டினையும் பாருங்கள். அது சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து. ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் 100 மி.கி. என்று தொடங்க வேண்டிய இடத்தில், மற்றவர்களுக்குப்போல நாளுக்கு மூன்று வேளை எழுதிவிட்டால் உடம்பில் தேங்கி ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்தும். பார்ப்பவர்களுக்கு அது மனச்சோர்வு போலவே இருக்கும்.

மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒரே கேஸ் ஷீட்டில் எழுதட்டும். டயாலிசிஸின்போது பொட்டாசியம் ஏறி இறங்குவதால், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளுக்கு முன் ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது. செர்ட்ராலினைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போகிறவர்களுக்கு ரத்தக் கசிவு கூடுகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

எதைப் பேசுவது? "பாசிட்டிவ்வா இருங்க" என்பதைத் தவிர எதையும். தாகத்தில் தொடங்கலாம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏறி வந்தால் அத்தனை பேர் முன்னிலையிலும் திட்டு விழுகிறது. திட்டுக்குப் பயந்தே வராமல் இருப்பவர்கள் உண்டு. ஒரு நாள் தண்ணீர் அளவை ஒரே பாட்டிலில் பிடித்து வைத்துக் குடிப்பது, உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும் என்பதைச் செய்து பார்ப்பது, இப்படிக் கைக்கு அடங்கும் ஒன்று கைகூடினால்தான் வேலை போனது, தம்பியிடமோ மனைவியிடமோ சிறுநீரகம் கேட்கக் கூசுவது, தாம்பத்தியம் நின்றுபோனது என்று அடுத்தடுத்து வெளியே வரும். வெளியே வராண்டாவில் அதே நான்கு மணி நேரம் காத்திருக்கும் மனைவியிடமும் மகளிடமும் ஆலோசகர் பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

அட்டவணையில்தான் பல இடங்களில் திட்டம் படுத்துவிடுகிறது. ஆலோசகர் திங்கட்கிழமை மட்டும் வந்தால் செவ்வாய், வியாழன், சனி நோயாளிகள் அவரைப் பார்க்கவே முடியாது. வாரம் இரண்டு நாள் வரட்டும், திங்களும் செவ்வாயும் என்று இரண்டு அணிக்கும் சேர்த்து. காலை ஷிப்டோடு கிளம்பிவிடக் கூடாது. பத்து மெஷின், மூன்று ஷிப்ட் என்றால் ஒரு நாளைக்கு 30 பேர். எல்லோரிடமும் அந்தப் படிவத்தின் முதல் இரண்டு கேள்வி மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெக்னீஷியனே கேட்டு வைக்கலாம். அதில் 3 மதிப்பெண் அல்லது அதற்கு மேல் வந்தவர்களை ஆலோசகர் பார்த்தால் போதும்.

படிவத்தின் ஒன்பதாவது கேள்விக்கு, சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியதற்கு, "ஆம்" என்றால் மறுவாரம் வரை வைக்காதீர்கள். மெஷினை விட்டு இறங்கும் முன்பே மனநல மருத்துவர் வந்து பார்க்க வேண்டும், தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சொல்லாமல் இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்டவருக்கு அன்றே போன் போக வேண்டும். பஸ் காசு இல்லாமலும் இருக்கலாம், வாழ விருப்பம் இல்லாமலும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும். இரவில் பேச 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணை வார்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வார்டுக்கே வருவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக அவர்கள் வீட்டுக்குத் திரவப் பை கொண்டுபோகும் பணியாளர் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டுக் குறித்து வரலாம். குறிப்பு யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் உத்தரவாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது நோட்டிலேயே தங்கிவிடும்.

டயாலிசிஸ் பிரிவுகள் அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையை மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால், ஆலோசகரின் நாட்களை அங்கே அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
சிறுநீரக நோயாளிகளோடு பணிபுரியும் உளவியல் ஆலோசகர்கள் சிலர்