காருக்குள் இருக்கும் அப்பா அம்மாமாருக்கு

அன்புள்ள தமிழ்ப் பெற்றோருக்கு,

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு எங்கள் கப்ஸ் (ஸ்கவுட்ஸ் எனும் சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவு) நடக்கும் மண்டபத்தின் கார்ப் பார்க்கை ஒருக்கால் சுற்றிப் பாருங்கள். டாஷ்போர்ட்டில் பிள்ளையார் இருக்கிற கார்கள்தான் அதிகம். பிள்ளையை இறக்கிவிட்டு, ஹீட்டரைப் போட்டு, எட்டு மணிவரை போனும் கையுமாக இருப்போம். இரண்டு வருசம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே இதை ஏச்சாக எடுக்க வேண்டாம். கூட இருந்தவன் எழுதுகிறேன்.

மகன் கழுத்துத் துணியைக் காரிலேயே விட்டுவிட்டுப் போன ஒரு மழை நாளில்தான் முதல்முறை உள்ளே போனேன். வேலையிலிருந்து நேரே வந்த லீடர், அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்க, நின்றபடி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி 24 பிள்ளைகள். உதவிக்கு இன்னும் மீசை சரியாக முளைக்காத ஒரு பெடியன். அவர் என்னைக் கண்டதும் பேர்கூடக் கேட்காமல், "இந்தக் கயிற்றின் நுனியைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா?" என்றார். பிடித்தேன். அந்த நுனி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் நான் கேட்ட கேள்வியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: "அந்த மனிசிக்கு என்ன சம்பளம் குடுக்கிறாங்கள்?" ஒரு சதமும் இல்லை. நாங்கள் கட்டும் காசு மண்டப வாடகைக்கும், தலைமையகத்துக்கான அங்கத்துவப் பணத்துக்கும், கயிறு, பசை, பிஸ்கட்டுக்கும் போகிறது. பிரித்தானியாவில் ஒவ்வொரு ஸ்கவுட் குழுவும் தனித்தனித் தர்ம ஸ்தாபனம். நடத்துகிறவர்கள் எல்லாரும் தொண்டர்கள்.

இது எங்களுக்கு விளங்காமல் போனதற்குக் காரணம் ஊரில் இருக்கிறது. இலங்கையில் 1912இல் மாத்தளையில் சாரணியம் தொடங்கியதே ஒரு பள்ளிக்கூடத்தில்தான். எங்கள் காலத்திலும் அது பள்ளிக்கூடத்து விசயம். சாரண ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார், எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். சில்லறைக் காசுக்கு வீடு வீடாகப் போய் முற்றம் கூட்டியிருக்கிறோம், தீ மூட்டியிருக்கிறோம். ஆனால் அப்பா வந்து பக்கத்தில் நின்றதாக ஞாபகம் இல்லை. பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு விலகி நிற்பதுதான் எங்களுக்கு மரியாதை. அதே மரியாதையைத்தான் இங்கும் காட்டுகிறோம். இங்குள்ளவர்களுக்கு அது அக்கறையின்மையாகத் தெரிகிறது.

தொண்டு எங்களுக்குத் தெரியாதா? சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தை யார் நடத்துகிறார்கள்? கிழமை முழுக்க வேலை செய்த அம்மாமார்தானே கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார்கள். கோயில் அன்னதானத்துக்கு விடிய நாலு மணிக்குப் போய் மரக்கறி வெட்டுகிற கூட்டம் இது. தேர்நாளில் ரோட்டை மறிக்கக் கவுன்சிலிடம் அனுமதி வாங்கத் தெரிந்தவர்கள், ஒரு பெட்டி ஜூசும் இருபத்துநாலு பேப்பர் கப்பும் எடுத்து வைக்க யோசிக்கிறோம்.

போன வருசம் ஒரு முகாம் நடக்காமல் போனது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அழுதார்கள், வட்ஸ்அப் குழுவில் சிலர் கோபப்பட்டார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை. கப்ஸ் வயதுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனால் 8 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் பொறுப்பாளர் ஒருவர். இது விதி. 24 பிள்ளைகள் என்றால் நாலு பேர். எங்களுக்கு ஓராள் குறைந்தது. ஓராள்! கார்ப் பார்க்கில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள் என்று ஸ்கவுட்ஸ் அமைப்பே சொல்லியிருக்கிறது. அங்கேயும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, பெரியவர்களுக்குத்தான் பஞ்சம்.

உங்கள் தயக்கங்களும் தெரியும். கார்க் கண்ணாடியை இறக்கி நீங்கள் என்னிடம் சொன்னவைதானே.

"என்ர இங்கிலீஷ் காணாது" என்றார் ஒரு அப்பா. ஊரில் தோட்டத்துக்கு வேலி அடைத்து வளர்ந்தவர் அவர். ஒரு நாள் மூன்று தடிகளைச் சேர்த்து முக்காலி கட்டப் பிள்ளைகள் திண்டாடும்போது கூட்டிவந்தேன். வாயைத் திறக்கவில்லை. கயிற்றை வாங்கி, இரண்டு சுற்று, இடையால் ஒரு இழுப்பு, முழங்காலை ஊன்றி இறுக்கினார். லீடர் தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இன்னொருமுறை, மெதுவாக" என்றார். அந்த அப்பா இப்போது மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். இன்னும் அதிகம் பேசுவதில்லை.

"அது சேர்ச் ஆக்களின்ர விசயம் எல்லோ?" மண்டபம் மட்டுந்தான் சேர்ச்சுடையது. உறுதிமொழியில் கடவுள் என்ற இடத்தில் 'என் தர்மம்' என்று சொல்ல இந்துப் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. என் மகன் அப்படித்தான் சொன்னான்.

"பொலிஸ் செக் எல்லாம் எடுக்கவேணுமாம்." உண்மைதான். முகாமில் இரவு தங்கும் பெரியவர் எவருக்கும் டிபிஎஸ் என்கிற அந்தச் செக் கட்டாயம். தொண்டருக்கு அது இலவசம். உங்கள் பிள்ளை தூங்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று ஒருவர் பார்த்திருப்பது நல்லதுதானே?

முகாமில் சாப்பாடு சரிவராது என்று பிள்ளையை மறிப்பவர்களே, சமையல் கூடாரத்துக்குள் உங்களில் ஒருவர் நின்றால் அந்தப் பிரச்சினை அன்றோடு முடியும். மரக்கறிப் பாஸ்தாவில் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டதை இங்கிலீஷ் பிள்ளைகளும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள்.

சீருடை போடத்தான் வேண்டும் என்றில்லை. எங்களுக்குள் கணக்கியல் படித்தவர்களுக்குக் குறைவில்லை. கிஃப்ட் எயிட் என்பது நன்கொடைக்கான வரிச் சலுகை: பெற்றோர் நிரப்பிய படிவங்களை வைத்து ஒழுங்காகக் கோரினால், வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தரும். பொருளாளர் இல்லாமல் அந்தப் படிவங்கள் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடக்கின்றன. வான் வைத்திருப்பவர் தடிகளை ஏற்றலாம். தையல் தெரிந்த அம்மா பாட்ஜ் தைத்துக் கொடுத்தால் பாதி அப்பாமாரின் விரல் தப்பும்.

வருகிற வெள்ளி ஆறேகாலுக்கு நான் வாசலில் நிற்பேன். கோயிலுக்குப் போகிற நாள் என்பது தெரியும். ஏழு மணிக்கு வந்தாலும் சரி, அரை மணித்தியாலம் நின்றாலும் சரி.

அதற்கு முதல் ஒரு அவசரம். போன கிழமை மழையில் நனைந்த இரண்டு கூடாரங்கள் எங்கள் வீட்டு மாடிப்படியில் தொங்குகின்றன. வீடு முழுக்கப் புல் வாசனை, மனைவி ரெண்டு நாளாகக் கதைக்கவில்லை. காயாமல் மடித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். கராஜ் காலியாக உள்ளவர் யாராவது இருந்தால் இன்றிரவே வட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள், கொண்டுவந்து இறக்குகிறேன்.

அன்புடன்,
கப்ஸ் பிள்ளை ஒன்றின் அப்பா
வடமேற்கு லண்டன்