மாமாவுக்கு ஏன் இரண்டாவது ஆபரேஷன்

செங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போனில் கேட்டபோது அத்தை பக்கத்திலேயே இருந்தாள், வாய் திறக்க முடியவில்லை. "அடைப்பை எடுத்தாச்சு, ரத்தம் ஓடுதுன்னாங்களே, அப்புறம் ஏன் மறுநாள் குடலை வெட்டினாங்க?" என்றாய். திருவனந்தபுரத்து டாக்டர்கள் மேல் சந்தேகம் வேண்டாம்.

மாமாவுக்கு இருதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிக்கிறது. அங்கே உறைந்த ரத்தத்தில் ஒரு துண்டு கிளம்பி, சிறுகுடலுக்குப் போகும் பெரிய தமனியில் சிக்கிவிட்டது. புளியரை வீட்டில் அவர் சுருண்டு கதறினார்; வயிற்றை அமுக்கினால் மெத்தென்றுதான் இருந்தது. முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பியது அதனால்தான். ஆரியங்காவு வளைவில் லாரி மறித்து நின்றதில் இன்னும் நேரம் போனது.

ரத்தம் நின்றால் குடலின் உட்சவ்வு முதலில் சாகும். அது பாதிக் கதைதான். ஆக்சிஜன் இல்லாத செல்லில் சக்தி தரும் ஏடிபி என்ற பொருள் உடைந்து, அதன் மிச்சமான ஹைப்போசாந்தைன் சேர்ந்துகொண்டே போகும். ரத்தம் திரும்பினதும், சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற என்சைம் அதையும் புது ஆக்சிஜனையும் வைத்து சூப்பராக்ஸைடு என்ற கடுமையான ஆக்சிஜன் வகையை உண்டாக்கும். அது செல்லின் சவ்வையே அரித்துவிடும். பின்னாலேயே வெள்ளணுக்கள் வந்து நுண்குழாய்களை அடைக்கும். 1986இல் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற இருவர் பூனைகளில் பார்த்தார்கள்: 4 மணி நேரமும் ரத்தம் குறைந்தே இருந்த குடலைவிட, 3 மணி நேரம் குறைத்து 1 மணி நேரம் திருப்பி விட்ட குடல்தான் அதிகம் சிதைந்திருந்தது.

நான் நர்ஸாக ஆபரேஷன் தியேட்டரில் நின்ற காலத்தில் சர்ஜன்கள், முறுக்கிக் கறுத்த குடலின் முறுக்கை அவிழ்க்கவே மாட்டார்கள். முதலில் கிளாம்ப், பிறகு கத்தி. அவிழ்த்தால் தேங்கிய விஷமும் பொட்டாசியமும் நேரே ரத்தத்தில் கலந்து இருதயத்துக்கே போய்விடும்.

மாமாவின் குடல் அத்தனை கறுக்கவில்லை. சூடான சலைன் துணியால் மூடிவைத்து, நிறம் திரும்புகிறதா, கிள்ளினால் நெளிகிறதா, தமனி துடிக்கிறதா என்று பார்ப்போம். சந்தேகமான பகுதியை விட்டுவைத்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்ப்பது வழக்கம். அவசரப்பட்டு வெட்டினால் நல்ல குடலும் போய்விடுமே! ஆக, மறுநாள் திறந்தது முன்பே தீர்மானித்தது. அவருக்கு இரண்டு நாள் மூச்சு வாங்கினதும் இதன் தொடர்ச்சிதான். குடலில் கிளம்பும் அழற்சி நுரையீரலையும் விடாது.

இப்போது கஞ்சி இறங்குகிறது. வயிறும் போகிறது, நிறையவே போகிறது; குடல் குட்டையானால் கொஞ்ச நாள் அப்படித்தான்.

இனி ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை விடக்கூடாது, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் டெஸ்டையும் தள்ளிப்போடக்கூடாது. கீரை அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்; அளவாகச் சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் முருங்கைக்கீரையாகக் கொட்டி மறுவாரம் கண்ணிலேயே காட்டாமல் இருந்தால் மருந்தின் அளவு தப்பிவிடும். இதை நீயே அத்தையிடம் சொல்லு. நான் சொன்னால், "நர்ஸம்மா ஆரம்பிச்சுட்டா" என்று எழுந்து போய்விடுகிறாள்.

அம்மா